அறிந்தும் விடாத பழக்கம்

தீயது என்று தெரிந்த ஒன்றை மனிதன் ஏன் மீண்டும் மீண்டும் செய்கிறான்? குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதைக் குடிப்பவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவனே பிறருக்கு எடுத்துரைப்பான். தன் கோபத்தால் பிள்ளைகள் அஞ்சி ஒடுங்குகின்றனர் என்பதைத் தந்தை அறிவான். அறிந்தும், மாலையில் வீட்டு வாயிற்படியை மிதித்தவுடன் பழைய கடுஞ்சொல்லே அவன் நாவில் எழுகின்றது. “இவன் மனமறிந்து செய்கிறான், திருந்தமாட்டான்” என்று உலகத்தார் தீர்ப்புக் கூறுகின்றனர். அவனும் அதனை ஏற்று, தன்னையே வெறுத்து, முயற்சியைக் கைவிடுகின்றான். இத்தீர்ப்பு சரியானதா என்பதை மூளையைப் பற்றிய ஆராய்ச்சியின் துணைகொண்டு ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நினைவை இழந்தவர் கற்ற வித்தை

அமெரிக்காவிலுள்ள கனெக்டிகட் மாநிலத்தில் 1926-ஆம் ஆண்டு பிறந்த ஹென்றி மொலேசன் என்பவர் இளமை முதல் காக்கைவலிப்பு நோயால் வருந்தினார். மருந்துகள் பயன் தராமையால், 1953-ஆம் ஆண்டு, அவரது 27-ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்னும் மருத்துவர் அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். மூளையின் இருபுறத்தும், நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக அமைந்த சில பாகங்கள் அகற்றப்பட்டன. கடற்குதிரையை ஒத்த வடிவமுடைய ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியும் அவற்றுள் அடங்கும். வலிப்பு வெகுவாகத் தணிந்தது. ஆனால், அன்று முதல் புதிய நிகழ்ச்சிகள் அவர் நினைவில் நிலைபெறவில்லை. சற்று முன் தம்முடன் உரையாடியவர் வெளியே சென்று திரும்பினால், அவரை அப்பொழுதுதான் காண்பவர்போல் வரவேற்றார். அறிவுக்கூர்மையோ இனிய இயல்போ குன்றவில்லை.

கனடாவின் மான்ட்ரியால் நகரிலிருந்து வந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவருக்கு ஒரு பயிற்சி அளித்தார். இரட்டைக் கோடுகளால் வரையப்பட்ட விண்மீன் உருவத்தின் இரு கோடுகளுக்கும் இடையே பென்சிலை ஓட்டவேண்டும். கையை நேரே பாராமல் கண்ணாடியில் மட்டுமே பார்க்கவேண்டும். முதலில் எவர் கையும் இதில் தடுமாறும். மொலேசனின் கையும் தடுமாறிற்று. ஆயினும் மூன்று நாள் பயிற்சியில் பிழைகள் மிகவும் குறைந்தன. வியப்பு யாதெனில், அதனை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. அவர் மறந்தார், அவர் கை மறக்கவில்லை. அவர் 2008-ஆம் ஆண்டு தமது 82-ஆம் வயதில் காலமானார்.

இதற்கு மறுதலையான உண்மை 1996-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆராய்ச்சியால் விளங்கிற்று. உருவங்கள் வரைந்த அட்டைகளைக் கண்டு, மழையா வெயிலா என்று ஊகிக்கும் விளையாட்டு அது. விதியை எவரும் சொல்லித் தருவதில்லை; பலமுறை ஆடுவதால் சிறிது சிறிதாகப் பழகிவிடும். நினைவிழந்த நோயாளிகள் தொடக்கத்தில் பிறரைப் போலவே இதில் தேர்ந்தனர். ஆனால் ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் அவர்களால் சரிவர விடை கூற இயலவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளோ ஆட்டத்தைப் பற்றிய வினாக்களுக்கு நன்றாக விடை கூறினர். ஆட்டமோ அவர்களுக்குப் படியவில்லை. மூளையின் ஆழத்திலுள்ள பேசல் காங்கிலியா என்னும் நரம்புத் தொகுதி அந்நோயில் பழுதுறுகின்றது. பழக்கம் படிவது பெரிதும் அத்தொகுதியைப் பொறுத்ததாகும்.

இவற்றால் பெறப்படுவது

அறிவதும் பழகுவதும் ஒரே வேலை அல்ல. ஒன்றை அறிந்த மாத்திரத்தில் பழக்கம் தானே மாறிவிடாது. ஆகவே, அறிந்தும் தவறுபவனை அறிவுரையால் மேலும் இடிப்பது, கால் நோவுக்குக் கையில் மருந்து தடவுவதை ஒக்கும்.

“அங்ஙனமாயின் தவறிழைப்பவன்மேல் குற்றமில்லையோ?” எனலாம். அங்ஙனம் அன்று. அவன் சொல்லாலும் கையாலும் வருந்துகிறவர்களின் துன்பம், மூளையைக் காரணம் காட்டுவதால் குறைவதில்லை. தீமையை அறிந்தவனுக்குப் பயிலும் கடமை உண்டு. அக்கடமையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதையே இனிக் காண்போம்.

பயிற்சி முறை

முதலாவது, பழக்கத்தை எழுப்பும் இடத்தையும் வேளையையும் கண்டறிதல். வாயிற்படியோ, சம்பள நாளோ, குறிப்பிட்ட நண்பரோ அதற்குக் காரணமாகலாம்.

இரண்டாவது, அவ்விடத்தில் செய்யவேண்டிய மாற்றுச் செயலை முன்னரே வரையறுத்தல். “இனிக் கோபிக்கமாட்டேன்” என்பது பொதுவான விருப்பம். “வாயிற்படியை அடைந்தவுடன் முகம் கழுவிய பின்னரே பேசுவேன்” என்பது திட்டம். இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என வகுத்துக்கொள்வது செயலுக்குத் துணைபுரிகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்னும் உளநூல் அறிஞர் 1999-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கியுள்ளார்.

மூன்றாவது, பொறுமை. லண்டனில் 96 பேரைக் கொண்டு நடைபெற்று 2010-ஆம் ஆண்டு அச்சில் வந்த ஆராய்ச்சி ஒன்று, உணவு, உடற்பயிற்சி போன்ற எளிய செயல்கள் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள்கள் ஆயின என்று காட்டிற்று. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபடுமெனக் கணிக்கப்பட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது பெரிதும் தடைப்படவில்லை என்பது அதில் கண்ட ஆறுதலான உண்மை. ஒரு நாள் சறுக்கியவன் “எல்லாம் போயிற்று” என்று கைவிடவேண்டியதில்லை, மறுநாள் தொடரலாம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கு அவசியம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையோர் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்தவேண்டும். மனவுறுதி மட்டும் அங்குப் போதாது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. விட விரும்பியும் விடாத உமது பழக்கம் எவ்விடத்தில், எவ்வேளையில் எழுகின்றது?
2. அவ்விடத்தில் செய்யத்தக்க மாற்றுச் செயல் ஒன்றை ஒரே வாக்கியத்தில் எழுதுக.
3. உமது வீட்டில் திருந்த முயன்று தவறியவர் எவரேனும் உளரோ? அவர் தவறிய மறுநாள் நீர் அவரிடம் கூறிய சொல் யாது?