வரச் சொல்லும் வேளை

காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளுள் ஒன்றிலே, கரையோர ரயில் போகும்போதெல்லாம் ஜன்னற் கண்ணாடி மெல்ல அதிரும் நான்காம் மாடி வீடொன்றில், எண்பத்திரண்டு வயது அம்மா ஒருவரை ஏழு மாதம் பராமரித்தேன். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, பிள்ளைகள் மூவரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் அனுப்பும் பணத்தையும் அவர்கள் எடுக்கும் தொலைபேசி அழைப்பையும் ஆதாரமாகக் கொண்டு ஜீவித்திருந்தவர் அவர். ஒரு புதன்கிழமை மாலை ரொறன்ரோவிலிருந்து மூத்த மகன் அழைத்து, "மிஸ், நான் இப்பவே ரிக்கெற் போடட்டோ, இல்லாட்டி பிள்ளையளின்ரை சோதினை முடிய வரட்டோ?" என்று கேட்டார். அன்று காலை அம்மா இரண்டு இட்டலி சாப்பிட்டிருந்தார். என்னோடு சிரித்துப் பேசியுமிருந்தார். அந்த ஒரு நல்ல காலையை நம்பி, "அவசரமில்லைத் தம்பி, ரெண்டு கிழமை பொறுத்து வாங்கோ" என்றேன். ஐந்தாம் நாள் அதிகாலையில் அம்மா காலமானார். மகன் வந்து தாயின் முகத்தைப் பார்த்தது பொரளையிலுள்ள மலர்ச்சாலையில்.

முதற்பாதி ஆஸ்பத்திரி விடுதிகளிலும் பிற்பாதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளிலுமாக முப்பத்துநான்கு வருஷம் தாதித் தொழில் பார்த்த எனக்கு, ஊசி போடுவதும் காயம் கட்டுவதும் சில மாதங்களிலே கைவந்தன. அந்திம காலம் நெருங்கிவிட்டதென்பதை வேளையோடு அறிந்து, அறிந்ததை வீட்டாருக்கு விளங்கும் தமிழில், அவர்கள் ஏதேனும் செய்வதற்கு அவகாசம் இருக்கும்போதே சொல்லுவது மாத்திரம் அந்த அம்மாவின் மரணத்துக்குப் பிறகே கைவந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குமேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்கவேண்டுமென்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் விதிக்கிறது. வெள்ளவத்தை முதியோரின் பிள்ளைகளிற் பெரும்பாலோர் கைவிட்டவர்களல்லர், தூரத்தில் இருப்பவர்கள். தூரத்தில் இருப்பவனுக்குச் செய்யக்கூடிய பேருதவி, சரியான நாளிலே "வா" என்று சொல்வதுதான்.

அந்த நாளை எப்படி அறிவது? ஒரு குறியை மாத்திரம் நம்பக்கூடாது. முதலில் உறக்கம் கூடும்; விழித்திருக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் குறையும். பிறகு சாப்பாட்டில் விருப்பம் போகும். மாத்திரையை விழுங்கமுடியாமல் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். சலம் குறைந்து நிறம் கறுக்கும். கடைசி இரண்டொரு நாளில் கைகால் குளிர்ந்து, முழங்காலிலும் பாதத்திலும் ஊதாத் திட்டுக்கள் படரும். மூச்சு சிலவேளை வேகமாகி, சிலவேளை அரை நிமிஷம்வரை நின்று, மறுபடி தொடங்கும். இவற்றுக்கு நடுவே சிலருக்குத் திடீரென்று ஒரு நாள் தெளிவு வரும். எழுந்து இருப்பார்கள், கேட்டுச் சாப்பிடுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் ஏமாந்தது இந்தத் தெளிவிலேதான். இப்போது நான் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடுவதில்லை, போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுகிறேன், மாதத்துக்கு மாதம் இருந்த மாற்றம் வாரத்துக்கு வாரமாகிவிட்டால், வைத்தியரோடு பேசிவிட்டு, அன்றைக்கே பிள்ளைகளை அழைத்து, "இனி வாறதெண்டால் இப்ப வாங்கோ, நான் பிழையாச் சொல்லியிருந்தால் அம்மாவோடை கூடக் கொஞ்ச நாள் இருந்திட்டுப் போங்கோ" என்று சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். நம்மவரிடையே அன்பு என்பது ஊட்டுவதாகவே வெளிப்படுவதால், சாப்பிட மறுக்கும் தகப்பனைக் கண்டு வீட்டார் படும் வேதனை நோயாளி படும் வேதனையிலும் பெரிது. சாப்பிடாததால் உயிர் போவதில்லை, உயிர் அடங்கத் தொடங்கியபடியால் சரீரம் சாப்பாட்டைக் கேட்பதில்லை என்பதை நான் ஒரே வீட்டிலே நாலைந்து தடவை சொல்லவேண்டி வந்திருக்கிறது. பலவந்தமாகப் பருக்கிய ஹோர்லிக்ஸ் வயிற்றுக்குப் போகாமல் சுவாசப்பைக்குப் போய், சாந்தமாக முடிந்திருக்கவேண்டிய கடைசி நாட்கள் மூச்சுத் திணறலிலே முடிந்ததை நேரிற் கண்டிருக்கிறேன். இதற்காகக் கடைசிப் பால் வார்க்கும் நம் வழக்கத்தை நான் தடுப்பதில்லை. அது தாதி தலையிட்டு நிறுத்தக்கூடிய காரியமன்று, நிறுத்தவும் கூடாது. சிறு பஞ்சுத் துண்டொன்றைப் பாலில் தோய்த்து, நன்றாகப் பிழிந்து, பேரப்பிள்ளையின் கையிலே கொடுத்து, கீழுதட்டின் உட்புறத்தைத் தொடச் சொல்கிறேன். அந்த ஈரத்தை வாய் தானே சப்புவதைப் பிள்ளை காண்கிறது. சடங்கும் நிறைவேறுகிறது, தொண்டைக்குள் ஒன்றும் இறங்குவதுமில்லை. சேடம் இழுக்கத் தொடங்கினாலும் அப்படியே: நோயாளியைப் பக்கவாட்டிலே திருப்பித் தலையைச் சற்று உயர்த்திவிட்டு, அந்த ஓசை கேட்பவருக்குத் தரும் துன்பத்தை அநேகமாக அவருக்குத் தருவதில்லை என்று அருகிலிருப்போருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். முன்பே சொல்லப்பட்ட சத்தம் அவ்வளவு பயங்கரமாயிருப்பதில்லை.

நோவைப் பற்றியும் ஒரு பயத்தைப் போக்கவேண்டியிருக்கிறது. தாதியாகப் பயின்று, சமூக ஊழியராகி, பிறகு வைத்தியராகி, 1967இல் லண்டனிலே சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், நோவு வந்தபின் மருந்து கொடுப்பதை விட்டு, நோவு திரும்புமுன் மணிக்கணக்குப்படி கொடுக்கவேண்டுமென்று வற்புறுத்தினார். 1986இல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த படிமுறையும் அதையே சொல்கிறது. ஆயினும் மோர்பின் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் வீடுகளிலே, "அது கடைசி மருந்தல்லோ" என்று கதவடைத்துவிடுகிறார்கள். வைத்தியர் எழுதிய அளவிலே, எழுதிய நேரத்திலே கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது. உறங்கவும் உறவினரோடு பேசவும் விடும். மோர்பின் தரும் மலச்சிக்கலுக்கான மருந்தை முதல்நாளே கூடக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரி வைத்தியர்களிடம் இதைப்பற்றிக் கூசாமற் கேட்கலாம். வீட்டிலே வைத்துப் பார்க்க இயலாத புற்றுநோயாளருக்கு அங்கேயே புற்றுநோய்ச் சங்கத்தாரின் சாந்த செவன இல்லமும் இருக்கிறது. சாந்தமான நிழல் என்பது அந்தச் சிங்களப் பெயரின் பொருள்.

படுக்கைப்புண்ணுக்கு இரண்டு மணிக்கொருதரம் திருப்பிப் படுக்கவைப்பதே பெரிய மருந்து. தோல் சிவக்கிறதா என்று பார்க்கும்படி நாங்கள் படித்த புத்தகங்கள் வெள்ளைத் தோலைக் கண்டு எழுதப்பட்டவை. நம்முடைய கரிய சருமத்திலே சிவப்புத் தெரியாது. நாரிக்குக் கீழும் குதிக்காலிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கடினமாகவோ இருந்தால் அங்கே புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். பாரம் படாமல் விடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலே, கப்பற் கம்பனியில் நாற்பது வருஷம் மூன்று பாஷையிலும் கணக்கெழுதிய பெரியவர் ஒருவருக்கு மறதி நோய் முற்றி, ஆங்கிலம் முதலிலும் சிங்களம் அடுத்ததாகவும் கழன்றுபோய், கடைசியிலே சிறுவயதுத் தமிழ் மாத்திரம் மிஞ்சியது. இரவுக்கு நின்ற பெண் குருநாகலைச் சேர்ந்தவர். நல்ல மனம், தமிழ் தெரியாது. பெரியவர் இரவெல்லாம் "விறைக்குது, விறைக்குது" என்று கத்த, அந்தப் பெண் பயந்து மின்விசிறியைக் கூட்டிவிட்டிருக்கிறார். மறுநாள் ஒரு கொப்பித் தாளிலே, தண்ணி, நோகுது, விறைக்குது, சலம் வருது, போர்வை என்று பன்னிரண்டு சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, எதிரே பொருளும் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். அன்றிரவு இருவரும் உறங்கினார்கள். கூலிக்கு ஆள் அமர்த்தும் பிள்ளைகள் சம்பளத்தைப் பேசுமுன் இந்தத் தாளை எழுதிவிடவேண்டும்.

வரமுடியாத பிள்ளைகளுக்கும் ஒரு வழி உண்டு. நினைவு தப்பிய நிலையிலும் மரணப்படுக்கையிலிருந்தோர் சிலரின் மூளை ஓசைக்கு இணங்குவதைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020இல் வெளியிட்டார்கள். ஆகையால் தொலைபேசியைக் காதருகே பிடித்து, மகளைப் பேசச் சொல்கிறேன். வீடியோ வேண்டாம், குரல் போதும். "என்ன பேச?" என்று திகைப்பவர்களை, சின்ன வயதில் அம்மா கூப்பிட்ட பெயரைச் சொல்லி, வீட்டில் இன்று என்ன சமைத்தீர்களென்று சொல்லச் சொல்கிறேன். மருதானை டார்லி வீதியிலே முதியோரைப் பராமரிக்கும் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபைக் கன்னியர், ஒருவர் மரிக்கும் தறுவாயில் இரவுபகலாக முறைவைத்து அருகே அமர்ந்திருப்பார்கள். மரிப்பவருக்கு வேண்டியதும் அவ்வளவே: ஒரு கை, ஒரு குரல்.

லௌகிகமான இரண்டு விஷயங்கள். வீட்டிலே மரணம் நேருமென்று தெரிந்தால், வழக்கமாகப் பார்க்கும் டொக்டரை முன்கூட்டியே ஒருதரம் அழைத்துக் காட்டி வையுங்கள். மரண காரணத்தை எழுதித்தர அவர் இல்லாவிட்டால் திடீர் மரண விசாரணை வரையில் இழுபட நேரும். மாடி வீட்டு லிப்ட் படுத்தபடி ஆளைக் கொண்டுபோகப் போதுமானதா என்றும் அளந்து பாருங்கள். பிரேதத்தைக் கதிரையில் இருத்தி நாலு மாடி இறக்கியதைக் கண்ட மகள் அந்தக் காட்சியை மறக்கவில்லை.

துக்கத்துக்கு முகம் பார்க்கவேண்டும். 2019 ஏப்ரல் 21இலே கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் உறவினரை இழந்தவர்களிடத்தும், கொரோனாவால் இறந்தோரையெல்லாம் எரிக்கவேண்டுமென்று 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை நீடித்த கட்டளையால் ஜனாசாவைத் தொடவும் இயலாமற்போன முஸ்லிம் அயலவரிடத்தும், வருஷங்கள் கழிந்தபின்னும் "கடைசியா ஒருக்கா முகத்தைப் பாக்கேல்லை" என்ற அந்த ஒரே வசனத்தைக் கேட்டேன். எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஆகையால் நான் அவற்றுக்குப் பிறகு, வீடு வெறிச்சோடிய நாற்பதாம் ஐம்பதாம் நாளிலே போகிறேன். போய் ஆறுதல் சொல்வதில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் எனக்குச் சொன்ன கதையொன்றைச் சொல்கிறேன்.

ரொறன்ரோ மகன் இப்போதும் தாயின் திதியன்று என்னை அழைப்பார். நான் சொன்ன பிழையான வார்த்தைக்கு முதல் வருஷமே மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி இரவைப்பற்றி மாத்திரம் கேட்டார், ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார். நானும் கூட்டாமற் குறைக்காமல் அதையே சொல்கிறேன்: இரவு ஒன்பது மணிக்கு இரண்டு கரண்டி பனங்கற்கண்டுத் தண்ணீர் குடித்தா, ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னா, பத்தரைக்கு ரயில் போனது, "தம்பி வாற ரயிலோ பிள்ளை?" என்று கேட்டா, நான் ஓமென்றேன்.