புது ஓ.எஸ். எல்லாப் பழைய டிஸ்க்கையும் படித்துவிடுமா?

“புது டிஸ்க்கைப் பழைய கம்ப்யூட்டர் படிக்காமல் போகலாம். ஆனால் பழைய டிஸ்க்கைப் புது கம்ப்யூட்டர் கட்டாயம் படிக்கும்.” பலரும் உறுதியாக நம்பும் இதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நம்பித்தான் பலர் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

ஆப்பிளின் கதையைப் பாருங்கள். அந்தக் கால மேக் ஃப்ளாப்பிகள் பெரும்பாலும் 1985-இல் வந்த ஹெச்.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் ஆனவை. 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் ஓ.எஸ். அவற்றில் எழுதுவதை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் விட்டுவைத்தது. 2019-இல் வந்த கேட்டலினா அதையும் கைகழுவிவிட்டது. ஃப்ளாப்பியில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் புது மேக் கையை விரித்துவிடும். மூலையில் கிடக்கும் பழைய மேக் திறந்து காட்டும். லினக்ஸும் விலக்கல்ல. 2001-இல் கெர்னலுக்குள் வந்த ரெய்சர் எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டம் 6.13-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் தனி டிரைவர் புரோகிராம் வேண்டும். அதை யாராவது பராமரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அடுத்த பதிப்பில் அது இருக்காது.

“படிக்க முடியவில்லை என்று வந்தால் டிஸ்க் செத்துவிட்டது” என்பது இதைவிட ஆபத்தான நம்பிக்கை. 2017-இல் ஹை சியராவோடு மேக்குக்கு ஏ.பி.எஃப்.எஸ். வந்தது. அந்த முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை 2015-இன் எல் கேப்பிட்டனில் செருகினால், படிக்க முடியவில்லை என்ற அறிவிப்போடு இனிஷியலைஸ், இக்னோர், இஜெக்ட் என்று மூன்று பட்டன்கள் வரும். தட்ட வேண்டியது இஜெக்ட். பதற்றத்தில் இனிஷியலைஸ் பக்கம் போய், அங்கே எரேஸும் கொடுத்துவிட்டால், நல்ல நிலையில் இருந்த டிஸ்க்கை நாமே துடைத்ததாகிவிடும். பழைய விண்டோஸும் புரியாத டிஸ்க்கைக் கண்டால் “ஃபார்மட் செய்யட்டுமா?” என்றுதான் கேட்கும்.

1998-இல் இதே ஆப்பிள் இன்னும் மரியாதையாக நடந்துகொண்டது. அப்போது புதிதாக வந்த ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் முறை டிஸ்க்கைப் பழைய மேக்கில் போட்டால், “என் ஃபைல்களெல்லாம் எங்கே போயின?” என்ற பொருளில் பெயரிட்ட ஒரு ஃபைல் கண்ணில் படும், திறந்தால் உள்ளே விளக்கம் இருக்கும். இந்த ஏற்பாடு பின்னால் ஏன் தொடரவில்லை என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

பென்டிரைவுக்கு வருவோம். இடம் காலியாக இருந்தும் பெரிய சினிமா ஃபைல் ஏறாவிட்டால் “டூப்ளிகேட் பென்டிரைவ்” என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பாவம் அவர். அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கலாம். ஃபேட்32 ஒரு ஃபைலின் அளவை 32 பிட்டில் குறித்துவைக்கிறது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அத்தனை பைட்டைத் தாண்டிய ஃபைலுக்கு அங்கே இடமில்லை. “32 ஜி.பி.க்கு மேல் ஃபேட்32 ஆகாது” என்பதும் தவறு. அது விண்டோஸின் ஃபார்மட் விண்டோ வெகுகாலம் போட்டுவைத்திருந்த வரம்பு. ஃபேட்32 சாதாரணமாக 2 டி.பி. வரை தாங்கும்.

அப்படியானால் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாறிவிடலாம், அது எல்லாவற்றிலும் ஓடும் என்பார்கள். அது அறிமுகமானதே 2006-இல். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2009-இல் வந்த அப்டேட் வேண்டும், மேக்கில் 10.6.5 வேண்டும். லினக்ஸ் கெர்னலுக்குள் அது வந்தது 2019-இல், 5.4 பதிப்பில். கார் ஸ்டீரியோக்களில் பல இன்னும் ஃபேட்32 தவிர வேறெதையும் ஏற்பதில்லை. பாட்டு கேட்க அதுவே போதும்.