வீடும் இடைவெளியும்: யாழ்ப்பாணத்து முற்றத்திலிருந்து ஜேர்மன் கதவு வரை

எம்மவர் கூடும் இடங்களில் பெற்றோரிடமிருந்து அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்று உண்டு. "பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் போடுது." இதைச் சொல்லும் தாயின் குரலில் கோபத்தை விடப் பயமே கூடுதலாக இருக்கும். அதே பிள்ளையைக் கேட்டால், "அம்மா கதவைத் தட்டாமல் உள்ளே வாறா" என்று பதில் வரும். இருவரும் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் கதவு இருவருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை. ஏன் அப்படி என்பதை அறிய, வீடு என்பதை எமது மக்களும் ஜேர்மன் மக்களும் எப்படிக் கட்டி வந்தார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மனிதர் தம்மைச் சுற்றி எவ்வளவு இடைவெளி வைத்துப் பழகுகிறார்கள் என்பதை ஒரு தனிப் படிப்பாகவே வளர்த்தவர் எட்வேர்ட் ரி. ஹோல் என்னும் அமெரிக்க மானிடவியலாளர். 1966 ஆம் ஆண்டு வெளிவந்த 'மறைந்துள்ள பரிமாணம்' என்ற நூலில் அவர் நான்கு தூரங்களைக் குறிப்பிட்டார். ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் வரை மிக நெருங்கிய உறவினருக்கு உரியது. அங்கிருந்து 1.2 மீற்றர் வரை நண்பர்களுக்கு. 3.6 மீற்றர் வரை கடை, அலுவலகம், வேலைத்தலம். அதற்கும் அப்பால் மேடைப் பேச்சாளருக்கும் சபைக்கும் உள்ள தூரம். இந்த அளவுகளை நாம் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. அவர் கவனித்தது பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரத்து நடுத்தர வகுப்பினரை. மற்ற மக்களுக்கு இது பொருந்தாது என்று அவரே எச்சரித்தும் இருக்கிறார். தேர் வடம் பிடிக்கும்போது 45 சென்ரிமீற்றர் கணக்குப் பார்த்தால் எங்கள் தேர் இருப்பிடத்தை விட்டு அசையாது.

எமக்கு அந்த நூலில் முக்கியமானது ஜேர்மனியரைப் பற்றிய பகுதி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சிறை வைக்கப்பட்ட ஜேர்மன் போர்வீரர்கள், சிறு குடில்களில் நான்கு பேராக அடைக்கப்பட்டார்கள். பலகையோ தகரமோ கையில் கிடைத்தவுடன் ஒவ்வொருவரும் முதலில் செய்த வேலை, தனக்கென்று ஒரு தடுப்புக் கட்டிக் கொண்டதுதான் என்கிறார் ஹோல். ஜேர்மன் கதவுகளின் கனத்தைப் பற்றியும், ஒலி புகாதபடி இரட்டைக் கதவு போடும் வழக்கம் பற்றியும் அவர் எழுதுகிறார். வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாலே ஜேர்மனியருக்கு அது அறைக்குள் புகுந்ததற்குச் சமம். விருந்தாளி தன் கதிரையை இழுத்துக் கிட்டப் போடுவதும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

இதை வாசித்துவிட்டு, 'இது அவர்களுடைய குணம், எங்களுக்கு அப்படியில்லை' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அகதி ஹைமில் இருந்தவர்கள் சற்று நினைத்துப் பார்க்கட்டும். பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலத்தில் நீண்ட காலம் ஆளொருவருக்கு 4.5 சதுர மீற்றர் என்பதே சட்டம் சொன்ன அளவு. 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அதை 7 ஆக்குவதென்று எழுதினார்கள். இன்று ஜேர்மனியில் ஆளொருவருக்குச் சராசரி வதிவிடப் பரப்பு 47 சதுர மீற்றருக்கு மேல். எங்கள் தொழில் கணக்கு என்பதால் இதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 4.5 சதுர மீற்றரில் 2 மீற்றர் நீளமும் 90 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள கட்டில் போட்டால், எஞ்சுவது 2.7. அதற்குள் அலுமாரி, மேசை, நடக்க வழி. அந்த அறைகளில் கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டுத் தன் கட்டிலை மறைத்துக் கொண்டவர்கள் எம்மவரிலும் பலர். ஆகவே தனிமை வேண்டும் என்ற விருப்பம் எல்லோருக்கும் உண்டு. அதை எதனால் தடுத்துக் காப்பது என்பதில்தான் மக்களுக்கு மக்கள் வேறுபாடு. அந்தக் குடிலில் எழுந்தது சுவர். ஹைமில் தொங்கியது சீலை.

யாழ்ப்பாணத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒழுங்கையிலிருந்து பார்த்தால் ஆளுயரத்துக்கு மேல் கிடுகு வேலி அல்லது பனையோலை வேலி. அதில் ஒரு படலை. வசதியுள்ள வளவுகளில் மேலே கூரை போட்ட சங்கடப் படலை. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கி இருந்து தண்ணீர் குடித்துப் போக இரு பக்கமும் திண்ணை. உள்ளே முற்றம். பிறகு வீட்டுத் திண்ணை அல்லது விறாந்தை. அதற்கு அப்பால் நடுக் கூடம், அறைகள், சாமி அறை, பின்னால் அடுப்படி, கிணற்றடி. நாற்சார வீடென்றால் நான்கு பக்கமும் தாழ்வாரம் சூழ, நடுவில் வானம் பார்த்த இன்னொரு முற்றம். வருபவர் எல்லோரும் எல்லா இடத்துக்கும் போவதில்லை. மீன்காரர் படலையோடு. காணி உறுதி விடயமாக வந்தவர் விறாந்தையோடு. சம்பந்தம் பேச வந்தவர்கள் கூடத்துக்கு. பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் படலைப் பக்கமே வராமல் வேலிப் பொட்டால் நுழைந்து நேரே அடுப்படிக்குப் போவா. யாருக்கு எது எல்லை என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. நடந்து வரும் வழியே அதைச் சொல்லியது.

இந்த வீட்டில் அறைக் கதவு பகலில் சாத்தப்படுவது அருமை. காற்று வர வேண்டும். கதவு நிலையில் ஒரு சீலை தொங்கும், அவ்வளவுதான். கிடுகு வேலியும் அந்தச் சீலையும் செய்யும் வேலை ஒன்றே: பார்வையை மறைக்கும், குரலை விடும். அடுப்படியில் இருக்கும் தாய், பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுக்கொண்டே சமைப்பா. சத்தம் நின்றால்தான் எழும்பி வருவா. எமது தடுப்பு கண்ணுக்கு. ஜேர்மனியர் தடுப்பு காதுக்கு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு இது. பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு நாற்பது பேர் வந்து போவதை அயலவர் கண்ணால் பார்த்தால் சும்மா இருப்பார்; காதால் கேட்டால்தான் மணி அடிப்பார்.

எமது பழைய வீட்டைப் பற்றிப் பெருமையாக எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. படலை, முற்றம், திண்ணை என்ற அதே படிகள்தான் ஒரு பகுதி மக்களை வாழ்நாள் முழுவதும் முற்றத்தோடு நிறுத்தி வைக்கவும் பயன்பட்டன. எந்த மரியாதைக்காக அந்த இடைவெளி என்று அவர்களிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். பொது இடங்களில் சாதி காட்டித் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957 இல் வந்தது. அப்படியிருந்தும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக உரிமை கேட்டு மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. நாற்சார வீட்டைத் திரும்பக் கட்டினால் எல்லாம் சரியாகும் என்று பேசுபவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஜேர்மனியருக்கும் இந்த மூடிய அறை காலங்காலமாக வந்ததல்ல. முன்பு கிராமத்து வீடுகளில் அடுப்பு எரியும் ஓர் அறைதான் சூடாக இருக்கும். 'ஸ்ரூப' என்ற அந்த அறைக்குள் குளிர்காலம் முழுவதும் குடும்பமே இருந்து தைத்தது, உண்டது, பேசியது. நூறு ஆண்டுகளுக்கு முந்திய பேர்லின் வாடகைக் குடியிருப்புகளில், ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் கட்டிலையே பிறத்தியாருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டன. 'ஷ்லாப்கேங்கர்' என்று அவர்களுக்குப் பெயர். போருக்குப் பின்னர் எல்லா அறைக்கும் சூடு போகும் குழாய் வந்த பிறகுதான் சாதாரண வீடுகளிலும் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு மூடிய கதவு என்பது பரவியது. சூடு வெளியே போகாமல் கதவைச் சாத்துவது இங்கே சிக்கனமும்கூட. வருட முடிவில் வெப்பச் செலவுக் கணக்கு வரும்போது எமக்கும் அது விளங்குகிறது.

குசினியின் கதை இன்னும் சுவையானது. 1926 இல் மார்கறெற்ற ஷூட்டெ-லிகொட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர், பிராங்பேர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக ஒரு குசினியை வரைந்தார். அகலம் ஏறக்குறைய 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். பெண்ணின் நடையைக் குறைத்து, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் வைப்பது நோக்கம். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் உள்ள பொருத்து குசினிகளுக்கு அதுவே முன்னோடி. ஆனால் அது ஒரே ஒருவர் நின்று சமைக்கும் குசினி. 1950 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் மலிவு வாடகை வீட்டுக்கு 32 முதல் 65 சதுர மீற்றர் என்று அளவு வைத்தபோது, அப்படிப்பட்ட சிறு குசினிகளே நாடெங்கும் வந்தன. எம்மில் பலருக்குக் கிடைத்த முதல் வீடும் அந்த வகைதான். தேங்காய் துருவ ஒருவர், வெங்காயம் உரிக்க இருவர், நடுவில் கதிரை போட்டு நியாயம் சொல்ல ஒரு மாமி என்று இருந்த அடுப்படி, ஒருவர் திரும்பினால் மற்றவர் வெளியே போக வேண்டிய இடமாகியது. ஊரில் நாலு பேரோடு செய்த வேலையை எமது பெண்கள் இங்கே தனியே நின்று செய்தார்கள். இந்தத் தனிமையை நாங்கள் போதிய அளவு பேசவில்லை.

இப்பொழுது அந்தச் சாத்திய கதவுக்கு வருவோம். ஜேர்மன் வோனுங்கில் மணி அடித்து உள்ளே வந்தவர் இரண்டாவது அடியில் நடைபாதையில் நிற்கிறார். இரு பக்கமும் படுக்கையறை, குளியலறை, குசினி. ஜேர்மன் குடும்பம் இந்தக் கதவுகளைச் சாத்தியே வைத்திருப்பதால் வந்தவர் கண்ணில் ஒன்றும் படாது. நாங்கள் பழக்கப்படி எல்லாவற்றையும் திறந்து வைக்கிறோம். படலையும் முற்றமும் திண்ணையும் இல்லாத இடத்தில், வந்தவர் கண் நேரே கட்டில் வரை போகிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டே வழிதான் மிச்சம்: பெரியவர்கள் நடுவே சோபாவில் இருந்து எத்தனை மாக்ஸ் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது, அல்லது அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது. ஊரில் அதே வயதில் நாங்கள் திண்ணை மூலையில் ஒரு புத்தகத்தோடு இருந்தோம். எல்லாம் காதில் விழும். ஒருவரும் எம்மைக் கூப்பிட மாட்டார்கள். அது தனிமையும்தான், குடும்பமும்தான். அந்த இடம் இந்த வீட்டின் வரைபடத்தில் இல்லை. ஆகவே பிள்ளையின் கதவை அவமரியாதை என்று கொள்வது தவறு என்பது எமது கருத்து. படிகள் எல்லாம் போன வீட்டில் பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் ஒரே படி அது. அதேபோல் தாயின் பயத்தையும் பிள்ளைகள் பழமை என்று தள்ளக்கூடாது. குரல் கேட்டே பிள்ளையை வளர்த்த வழியில் வந்தவ அவ. தடித்த கதவு அந்தக் குரலை அடைத்துவிடுகிறது. தட்டிவிட்டுப் பதில் வரும்வரை நிற்பது, சும்மா இருக்கும் நேரம் கதவை ஒரு சாண் திறந்து விடுவது என்று இரு பக்கமும் உடன்பட்ட வீடுகள் உண்டு. அங்கே இந்தச் சண்டை குறைந்திருக்கிறது.

கண், காது என்ற இந்த வேறுபாடு எமது கோயில்களின் வரலாற்றிலும் உண்டு. ஹம் நகரில் காமாட்சி அம்பாள் 1989 இல் ஒரு வீட்டின் கெல்லரில் எழுந்தருளினார். 1992 இல் முன்பு சலவைச்சாலையாக இருந்த கட்டிடத்துக்கு மாறினார். திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் அடியார்கள் வரத் தொடங்கியதும், குடியிருப்பாளருக்குச் சத்தமும் வாகன நெரிசலும் பெரும் முறைப்பாடாயின. முடிவில் கிடைத்த இடம் ஊன்ரொப் தொழிற்பேட்டை. 2002 ஜூலையில் அங்கே குடமுழுக்கு நடந்தது. 27 மீற்றர் நீள அகலமுள்ள கோயில், 17 மீற்றர் உயரக் கோபுரம்; தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதில் தடை இருக்கவில்லை, காதுக்கு எட்டாத தூரம்தான் தேவைப்பட்டது. குளிர் காரணமாகப் பரிவார சன்னிதிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆனால் வாசல், மண்டபம், கருவறை என்ற படிமுறை மாறவில்லை. பார்க்க வரும் ஜேர்மன் விருந்தினரும் ஒருவர் சொல்லாமலே மண்டபத்து ஓரத்தில் நின்றுவிடுகிறார்கள். எங்கள் திண்ணையின் பொருள் அவர்களுக்கும் விளங்குகிறது போலும்.

எமது இளைய தலைமுறை இப்பொழுது சொந்தமாக வீடு கட்டுகிறது. வங்கிக் கடன் கணக்கைப் பார்க்கும் அளவுக்கு வரைபடத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. சிறிய காணியில் முற்றம் எப்படி என்று கேட்பவர்களுக்கு, கொழும்பில் ஜெப்ரி பாவா 1960 களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு நல்ல எடுத்துக்காட்டு. நகரத்துச் சிறு காணியில் வெளியை மதிலால் மூடி, நடுவில் முற்றத்தை வைத்து, எல்லா அறைகளையும் அதைப் பார்க்கத் திருப்பினார். ஜேர்மன் குளிரில் வானம் பார்த்த முற்றம் சரிவராது. ஆனால் வாசலுக்கும் கூடத்துக்கும் இடையே, செருப்புக் கழற்றி வைக்கவும் இருவர் இருந்து பேசவும் ஒரு வாங்கு போடக்கூடிய இடம் விடலாம். படுக்கையறைகள் வாசலிலிருந்து நேரே தெரியாதபடி நடைபாதையை ஒரு முறை வளைக்கலாம். குசினியில் மூன்று பேர் நிற்க இடமும், கூடத்துக்குத் திறந்து மூடும் கண்ணாடித் தள்ளு கதவும் வைத்தால் பொரியல் மணம் உள்ளே நிற்கும், பேச்சு வெளியே போகும். சிலர் மீன் சமைக்கவென்று கெல்லரில் இரண்டாவது அடுப்பு வைக்கிறார்கள். மணத்துக்கு அது நல்லது. ஆனால் சமைப்பவரை மறுபடியும் தனியே கீழே அனுப்புகிறது.

கூடத்தின் ஓரத்தில் யன்னலோடு ஒரு மேடை, ஒருவர் கால் நீட்டி இருந்து வாசிக்கும் அளவுக்கு. நீளம் 1.8 மீற்றர், அகலம் 70 சென்ரிமீற்றர் என்றால் 1.3 சதுர மீற்றர் கூட இல்லை. அது எந்தப் பக்கம் வேண்டும் என்பதை, வரைபடம் கையெழுத்தாகும் முன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சுவர் எழும்பிய பின் கேட்டால் மேசனுக்கு இரண்டாம் முறை காசு கொடுக்க வேண்டிவரும்.