எண்ணோடு எழுத்துச் சேர்ந்தால்…

(பொருளியல் மூன்றாமாண்டு மாணவி ஒருவர்)

எண்ணையும் எழுத்தையும் மக்களுக்கு இரு கண்கள் என்றார் வள்ளுவர். தனித்தனியே நிற்கும்வரை இரண்டும் நமக்குக் கண்கள்தாம். ஒரே வரியில் இரண்டும் கலந்து வந்தால்தான் நம்மிற் பலருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. அந்த இருட்டின் பெயர் இயற்கணிதம். கணிதத்துறை நண்பர்களுக்காக இக்கட்டுரையை நான் எழுதவில்லை. வரலாறும் தமிழும் பொருளியலும் வணிகவியலும் படிக்க வந்து, "கணக்குத் தொல்லை பத்தாம் வகுப்போடு ஒழிந்தது" என்று பெருமூச்சு விட்டிருக்கும் என் போன்றோருக்கே எழுதுகிறேன். கணிதப் பேராசிரியப் பெருமக்கள் இதிற் குறை கண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மேல்நிலை வகுப்பில் நான் கணிதம் இல்லாத பிரிவில் படித்தவள். கல்லூரியிற் சேர்ந்த முதல் மாதத்தில், கணிதம் படியாதோர்க்கென்று மாலை வேளையில் ஓர் இணைப்பு வகுப்பு நடந்தது. பிரிட்ஜ் கோர்ஸ் என்றால் எல்லோருக்கும் விளங்கும். புள்ளியியலும் பொருளியற் கணிதமும் தொடங்குமுன் பள்ளியின் இயற்கணிதத்தை மீண்டும் கற்பிப்பது அதன் நோக்கம். கல்லூரிக்கு வந்த பிறகும் எட்டாம் வகுப்புக் கணக்கா என்று நாணிப் பின்வரிசையில் அமர்ந்தவர் பலர். நானும் அவர்களுள் ஒருத்தி.

நாண வேண்டியதில்லை என்று பின்னர்தான் தெரிந்தது. 1978ல் மேல்நிலைக் கல்வி வருமுன், பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் இடையே புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கல்லூரியிலேயே இருந்தது. அது நீங்கியபின் அந்த இடைவெளியை இப்படிச் சிறு வகுப்புகள்தாம் அடைக்கின்றன. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளிலும் இதே கதைதான். அங்கே தொடக்க இயற்கணிதம் என்ற பாடத்தைத் தேறாமல் படிப்பையே கைவிட்டோர் ஏராளம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று சமுதாயக் கல்லூரிகளில் 2013ல் ஓர் ஆய்வு நடந்தது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். இயற்கணிதம் மட்டும் படித்தவர்களில் 39 விழுக்காட்டினர் தேறினர். அதனுடன் வாராந்திரப் பயிற்சி வகுப்பும் பெற்றவர்களில் 45 விழுக்காட்டினர் தேறினர். இயற்கணிதத்தைத் தாண்டி நேரே புள்ளியியலும் பயிற்சி வகுப்பும் பெற்றவர்களில் தேறியோர் 56 விழுக்காடு. கலிபோர்னியா மாநிலம் 2017ல் ஒரு சட்டமே இயற்றி, மாணவர்களை இத்தகைய அடிப்படை வகுப்புகளில் தேக்கிவைப்பதைக் குறைத்தது.

அப்படியானால் இயற்கணிதத்தைத் தூக்கி எறிந்துவிடலாமே என்று முன்வரிசை நண்பர் ஒருவர் மகிழ்ந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மிற் பாதிப் பேர் எழுதவிருக்கும் தேர்வாணையத் தொகுதி 4 தேர்வில் 200 வினாக்களுள் 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை. அது போகட்டும். இயற்கணிதம் தெரியாததால் எங்கள் குடும்பம் ஒரு கடையையே இழந்தது. அதைச் சொல்லுமுன் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணுக்குப் பதில் எழுத்தை வைப்பது தமிழருக்குப் புதிதன்று. க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு, எ என்றால் ஏழு, அ என்றால் எட்டு என்றுதான் நம் முன்னோர் ஓலையில் எழுதினர். ஆனால் அங்கே எழுத்து நிற்பது தெரிந்த எண்ணுக்காக. இயற்கணிதத்தில் எழுத்து நிற்பது இன்னும் தெரியாத எண்ணுக்காக. பெயர் தெரியாத ஒருவரை "அவர்" என்று சுட்டிப் பேசுகிறோமல்லவா? அதுபோலத்தான் இதுவும். வடமொழிக் கணித நூலார் தெரியாத எண்ணை "எவ்வளவோ அவ்வளவு" என்று பொருள்படும் சொல்லால் குறித்தனர். ஒன்றுக்கு மேல் இருந்தால் கருப்பு, நீலம் என நிறங்களின் பெயரிட்டனர். பிரான்சு நாட்டு டேக்கார்ட் 1637ல் எழுதிய நூலின் வழியேதான் ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்துகள் இவ்வேலைக்கு நிலைத்தன. சமக்குறியாகிய இரட்டைக்கோடு அதற்கும் முன்னதாக, 1557ல், இராபர்ட் ரெக்கார்டு என்பவரின் நூலில் தோன்றியது. ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்பது அவர் கூறிய காரணம்.

இந்தச் சமக்குறியைத்தான் நாம் பள்ளியில் தவறாகப் புரிந்துகொண்டோம் என்பது என் எண்ணம். "விடை இதோ" என்று கைகாட்டும் பலகையாக அதைக் கருதினோம். உண்மையில் அது தராசின் முள். இருதட்டும் ஒரே நிறை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. ஒரு தட்டிலிருந்து மூன்று எடுத்தால் மறு தட்டிலிருந்தும் மூன்று எடுக்க வேண்டும். "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற மந்திரம் இதன் சுருக்கமே. காரணம் தெரியாமல் மந்திரத்தை மட்டும் உருப்போட்டதால், பெருக்கலில் நிற்கும் எண்ணையும் குறி மாற்றி அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறோம். 5ந = 20 என்றால் ந = 15 என்று எழுதிய என் நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

பாக்தாதில் கி.பி. 820 அளவில் அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் வரும் "அல் ஜபர்" என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா என்னும் பெயர் பிறந்தது. குறைந்ததை நிறைவாக்குதல் என்பது அதன் பொருள். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அரபியில் அதே சொல்தான். ஒரு பக்கத்தில் கழிவாக நிற்பதை இருபக்கமும் கூட்டிச் சரிசெய்வதை அவர் அவ்வாறு அழைத்தார். வியப்பு என்னவென்றால், அந்நூலில் ஒரு குறியீடும் கிடையாது. எல்லாக் கணக்கும் சொற்களாலேயே எழுதப்பட்டது. ஆகவே குறியீட்டைக் கண்டு அஞ்சுவோர், கணக்கை முதலில் சொந்தத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்வது நல்ல வழி.

இனிக் கடையின் கதை. எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே மேலகரத்தில் உள்ளது. அப்பா ஆண்டுதோறும் சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்துப் பழமும் நேந்திரங்காய்ச் சிப்ஸும் விற்பார். நான் மேல்நிலைத் தேர்வு முடித்திருந்த மே மாதத்தில், அவ்வாண்டுச் சீசனுக்கு வாடகை 42,000 ரூபாய் என்றார்கள். சீசனை 90 நாள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அருவியில் நீர் விழுந்து கூட்டம் வரும் நல்ல நாளில் செலவு போக 900 ரூபாய் நிற்கும். நீர் வற்றினாலும், வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதித்தாலும், வேலையாள் கூலியும் அழுகும் பழமுமாக நாளொன்றுக்கு 100 ரூபாய் நட்டம். வாடகை கட்டுபடியாக எத்தனை நல்ல நாட்கள் வேண்டும் என்பது கேள்வி. "நீதான் படிச்ச பிள்ளையாச்சே, போட்டுச் சொல்லுட்டி" என்றார் அப்பா.

நல்ல நாட்களை ந என்க. மீதி நாட்கள் 90 − ந. ஆகவே,

900ந − 100(90 − ந) = 42,000

இவ்வளவும் சரியாகவே எழுதினேன். அடுத்த வரியில் அடைப்பைத் திறந்து, 900ந − 9,000 − 100ந = 42,000 என்றேன். 800ந = 51,000. ந = 63¾. அதாவது 64 நாள். அப்பாவின் குறிப்பேட்டில் முந்திய ஆண்டின் நல்ல நாட்கள் 56 என்று இருந்தது. "கட்டாதுப்பா" என்றேன். அப்பா சற்று நேரம் குறிப்பேட்டைப் புரட்டினார். அவர் மனத்துக்கு ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும், "கணக்கு வேண்டாம்னு சொன்னா விட்டுருவோம்" என்று எழுந்துவிட்டார். கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அந்தச் சீசன் முழுவதும் அப்பா இன்னொருவர் கடையில் தினக்கூலிக்கு நின்றார்.

ஜூலையில் ஒரு மாலை. இணைப்பு வகுப்பில் பேராசிரியர், அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் கழித்தல் குறியைப் பற்றிச் சொன்னார். "கழித்தல் வாசலில் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொருவரின் குறியும் மாறும், முதல் ஆளோடு நிறுத்திவிடாதீர்கள்" என்றார். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மீண்டும் போட்டேன்.

900ந − 9,000 + 100ந = 42,000
1,000ந = 51,000
ந = 51

ஐம்பத்தொரு நாள் போதும். முந்திய ஆண்டைப்போல் 56 நாள் கிடைத்திருந்தால் 5,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அந்தக் கூட்டல் குறி எங்கிருந்து வந்தது? கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் ஏன் கூட்டல்? பிரம்மகுப்தர் 628ல் எழுதிய நூலில் கூட்டல் எண்ணைத் தனம் என்றும் கழித்தல் எண்ணைக் கடன் என்றும் கூறி இவ்விதிகளை வகுத்தார். அதைப் பின்பற்றியே பார்ப்போம். மாதம் 200 ரூபாய் கடன் பிடித்தம் உள்ளது. மூன்று மாதப் பிடித்தத்தை நீக்கிவிட்டார்கள். கடனை நீக்கினால் கையில் 600 ரூபாய் மிச்சம். எங்கள் கடைக்கும் இதே நியாயந்தான். ஒரு நாள் நல்ல நாளாக மாறும்போது 900 ரூபாய் வருவது மட்டுமன்று, அன்றைக்கு வரவிருந்த 100 ரூபாய் நட்டமும் நின்றுவிடுகிறது. ஆக ஒவ்வொரு நல்ல நாளின் உண்மையான மதிப்பு 1,000. நானோ அதை 800 ஆக்கினேன். நட்டம் நீங்குவதை இன்னொரு நட்டமாக எழுதினேன்!

பிழை செய்ததைவிட என்னை வருத்தியது வேறொன்று. விடையைத் திரும்ப வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். 63¾ நல்ல நாட்களுக்கு வரவு 57,375. மீதி 26¼ நாட்களுக்கு நட்டம் 2,625. நிற்பது 54,750. வாடகையோ 42,000. இரண்டு நிமிட வேலை இது. பள்ளியில் "சரிபார்த்தல்" என்று தலைப்பிட்டுச் செய்வோமே, அதை ஒரு மதிப்பெண்ணுக்கான சடங்கு என்றல்லவா நினைத்திருந்தேன்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குறிப்பேட்டை எடுத்துவந்து, "எந்த எடத்துல தப்பு, காட்டு" என்றார். காட்டினேன். அந்தக் குறியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தார்.

மற்றப் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு எண்களின் கூட்டலை வர்க்கப்படுத்தும்போது தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டிவிடுவது பரவலான நோய். பக்கத்துக்கு 5 ஓடு பதித்த சதுர முற்றத்தைப் பக்கத்துக்கு 7 ஓடாக விரித்தால் 49 ஓடுகள் வேண்டும். 25ம் 4ம் கூட்டி 29 வாங்கி வந்தால் இரு ஓரங்களிலும் பத்துப் பத்து ஓடு குறையும். ஒரு முறை படம் வரைந்து பார்த்தவர் மறக்கமாட்டார். 2ந + 3 என்பதை 5ந என்று சேர்ப்பதும் அப்படியே. இரண்டு கூடை மாம்பழமும் மூன்று மாம்பழமும் ஐந்து கூடை மாம்பழம் ஆகா.

நம் தமிழிலேயே வாய்பாடுகள் உண்டு. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி வருகிறது. காம்பருகே சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். சுளை = 6 × முள் ÷ 5. முள் 60 என்றால் சுளை 72. திருப்பிக் கேட்டால் அதுவே சமன்பாடு: 90 சுளை வேண்டுமானால் எத்தனை முள்ளுள்ள பழத்தைத் தேட வேண்டும்? ஐந்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் 75. மறு ஆண்டு கடையில் இதைச் சோதித்தேன். முதற்பழம் ஏறக்குறைய ஒத்துவந்தது. இரண்டாவது வெகுதூரம் தவறியது. வாய்பாட்டைச் சரியாகத் திருப்புவது நம் பொறுப்பு. அதன்படி காய்ப்பது பலாமரத்தின் விருப்பம்.

பயிற்சிக்கு மூன்று கணக்குகள் தருகிறேன்.

1. மங்குஸ்தான் கிலோ 300 ரூபாய், ரம்புத்தான் 200 ரூபாய். இரண்டும் சேர்த்து 10 கிலோ வாங்கியவர் 2,400 ரூபாய் கொடுத்தார். மங்குஸ்தான் எத்தனை கிலோ? (விடை 4.)

2. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் ஒரு தேர்வில் 25 வினாக்கள். சரிக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். எல்லாவற்றுக்கும் விடையளித்த மாணவர் 51 பெற்றார். சரியானவை எத்தனை? (விடை 19. அடைப்புக்குறியைக் கவனிக்க.)

3. மறு ஆண்டு கடை வாடகை 46,000 ஆயிற்று. நல்ல நாளில் 950 ரூபாய் நிற்கும், மற்ற நாளில் 150 ரூபாய் நட்டம். சீசன் அதே 90 நாள். அப்பாவின் குறிப்பேட்டில் முந்திய சீசனின் நல்ல நாட்கள் 55. கடையை எடுக்கலாமா?

மூன்றாவதற்கு விடை தரவில்லை. 54 நாள் என்றால் 100 ரூபாய் இடிக்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். எங்கள் வீட்டில் இக்கணக்கை அப்பா என்னை இரண்டு முறை போடச் சொன்னார். பிறகு அந்த 55ஐ அவரே உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, முன்பணத்தை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார்.