வஞ்சிரத்தின் பல்லுக்கு எந்தக் கம்பி?

30 கிலோ தாங்கும் நைலான் நரம்பை யு.டி.எம். மெஷினில் மாட்டினால் சொன்ன எடையைத் தாங்கிவிடும். அதே நரம்பைப் பத்து கிலோ வஞ்சிரம் ஒரே கடியில் அறுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மீனும் போச்சு, முள்ளும் போச்சு, அன்றைய டீசல் காசும் போச்சு!

காரணம் எளிது. நாம் சோதித்தது இழுவிசை. மீன் கொடுப்பதோ வெட்டுவிசை. வாய் நிறையக் கத்தி போன்ற பற்கள். புளூரோகார்பன் நரம்பு தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது (ஒளிவிலகல் எண் 1.42, நீருக்கு 1.33). ஆனாலும் பல்லுக்கு அது பதில் ஆகாது.

ஆகவே முள்ளுக்கு மேலே ஓர் அடியாவது கம்பி வேண்டும். வஞ்சிரத்துக்கு 0.45 மி.மீ. ஒற்றை இழை 304 ஸ்டெயின்லெஸ் கம்பியே என் தேர்வு. சுமார் 30 கிலோ தாங்கும். ஆனால் ஒருமுறை கொக்கி போல மடங்கிவிட்டால் நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். டையில் இழுத்து ஏற்கெனவே கடினமான கம்பி. அந்த இடத்தில்தான் முறியும்.

உருண்டு புரளும் சுறாவுக்கு 49 இழைக் கேபிள் நல்லது. நன்றாக வளைந்து கொடுக்கும். அதற்கு அலுமினிய ஸ்லீவ் வேண்டாம். உப்புநீரில் எஃகோடு சேர்ந்து கால்வானிக் செல் ஆகி அலுமினியம் அரித்துவிடும். செம்பு ஸ்லீவ் போடுங்கள். நிக்கல்-டைட்டானியம் கம்பி வளைந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும், விலைதான் கடிக்கும்.

ஒற்றைக் கம்பியில் முடிச்சுப் போடாமல் முறுக்கிக் கட்டுங்கள். மிச்ச நுனியைப் பிளையரால் வெட்டாதீர்கள், கையைக் கிழிக்கும். முன்னும் பின்னும் ஆட்டினால் ஃபெட்டீக் ஆகி, பிசிறில்லாமல் தானே ஒடிந்து விழும்.