காட்டுத்தீயை எதிர்கொள்ளும் உழைப்பாளிகள்

காட்டுத்தீ என்றால் ஹெலிகாப்டரும் தண்ணீரும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தீயை மடக்கி நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் தரையில் நின்று மண்ணைக் கொத்தும் மனிதர்களே. அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பேர் பெற்றவை 'ஹாட்ஷாட்' குழுக்கள். ஒரு குழுவில் சுமார் 20 பேர் இருப்பார்கள். வெயிலில் உடலுழைப்பால் பிழைப்போர் உள்ள குடும்பங்கள் அவர்களிடம் கற்க வேண்டியது உண்டு என்பதால், இம்மாதப் பாடமாக அவர்களின் பணியை எடுத்துக்கொள்கிறோம்.

அவர்கள் செய்யும் வேலை

தீ எரிய எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் வேண்டும். காட்டில் காற்றைத் தடுக்க முடியாது. மலைச்சரிவுக்குத் தண்ணீர் எளிதில் எட்டாது. ஆகவே எரிபொருளை அகற்றுகிறார்கள். முன்னே செல்பவர்கள் இயந்திர ரம்பத்தால் புதர்களை அறுப்பார்கள். பின்னால் வரிசையாக வருபவர்கள் புல், சருகு, வேர் அனைத்தையும் கொத்திச் சுரண்டி, வெறும் மண் தெரியும்படி பாதை போடுவார்கள். இதுவே தீத்தடுப்புக் கோடு. எரிவதற்கு ஏதுமில்லாத இடத்தில் தீ அடங்கும்.

இவர்களுடைய முக்கியக் கருவி 'புலாஸ்கி'. அதன் ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் மண்வெட்டி போன்ற அலகு. 1910-இல் ஐடஹோவில் மூண்ட பெருந்தீயில் தம் ஆட்களைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வன அலுவலர் எட் புலாஸ்கியின் பெயர் அது.

உடலுக்கு உள்ள சோதனை

பணியில் சேர ஒரு தேர்வு உண்டு. 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ சுமையுடன் 3 மைல் தூரத்தை 45 நிமிடத்துக்குள் நடந்து கடக்க வேண்டும். ஓடக் கூடாது. பாய்ச்சலைவிட நீடித்த நிதானமே இந்த வேலைக்குத் தேவை.

வேலைநாள் 16 மணி நேரம் வரை நீளும். 14 நாட்கள் தொடர்வதும் வழக்கம். ஒரு நாளில் 4,000 முதல் 6,000 கலோரி வரை செலவாகும். கட்டடத் தீயை அணைப்போரைப் போலக் காற்று சிலிண்டர் சுமக்க இயலாததால், புகையைச் சுவாசித்தபடியே உழைக்கிறார்கள்.

அவர்களைச் சூடாக்குவதில் பெரும்பங்கு நெருப்புக்கு இல்லை, அவர்களுடைய சொந்த உழைப்புக்கே. வியர்வை வெளியேறினால்தான் அந்தச் சூடு தணியும். அதனால்தான் உடையைத் தளர்வாக அணிகிறார்கள். தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாக நீர் அருந்துகிறார்கள். பணியில் உயிரிழப்போர் எல்லோரும் தீயில் சிக்கியவர்கள் அல்லர்; மாரடைப்பால் இறப்போரும் உண்டு.

நான்கு காவல்கள்

1991-இல் பால் கிளீசன் என்ற ஹாட்ஷாட் தலைவர் நான்கு பாதுகாப்பு விதிகளைத் தொகுத்தார்:

1. தீயைக் கவனிக்கத் தனியாக ஒரு கண்காணிப்பாளர்.
2. எல்லோருக்கும் இடையே தடையற்ற தகவல் தொடர்பு.
3. முன்கூட்டியே அறிந்த தப்பும் வழி.
4. ஒதுங்குவதற்குப் பாதுகாப்பான இடம்.

இவை எவ்வளவு அவசியம் என்பதை 2013 ஜூன் 30 காட்டியது. அரிசோனாவின் யார்னெல் மலைத்தீயில், இடிமழை மேகத்திலிருந்து கிளம்பிய காற்று தீயின் திசையைத் திருப்பியது. 20 பேர் கொண்ட கிரானைட் மவுண்டன் குழுவில் 19 பேர் இறந்தனர். கண்காணிப்புக்கு நின்ற ஒருவர் மட்டும் பிழைத்தார். பயிற்சியும் துணிவும் மிக்கவர்களையும் காற்றின் ஒரு திருப்பம் வீழ்த்திவிடும்.

நம் வீடுகளுக்கு

உயிரும் உடலும் அமானிதம். வாப்பாவோ பிள்ளையோ வெயிலில் கடினமாக உழைப்பவராக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

• வெயில் வேலைக்குப் புதியவருக்கு உடல் பழக ஓரிரு வாரம் ஆகும். முதல் நாளே முழுப் பாரம் ஏற்ற வேண்டாம்.
• தண்ணீருடன் வேளைக்கு உணவும் தேவை. வியர்வையில் உப்பும் போய்விடுகிறது.
• கடும் உழைப்புக்குப் பின் தசைவலியுடன் சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• தலைசுற்றலும் பேச்சில் தடுமாற்றமும் கண்டால் நிழலுக்குக் கொண்டுவந்து, உடலை நனைத்து, மருத்துவ உதவி தேடுங்கள். "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் பேச: நம் வீட்டு உழைப்பாளி வேலை செய்யும் இடத்தில் அந்த நான்கு காவல்களில் எவை உள்ளன? எது இல்லை? இல்லாததை யாரிடம் கேட்டுப் பெறலாம்?