ஆறே ஆறு ரெட்வுட் பலகை – என்னென்ன செய்யலாம்?



போன குளிர்காலத்தில் அடித்த மழைக்காற்றில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புற வேலி சாய்ந்துவிட்டது. நம் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் நிறையப் பேர் வீட்டில் இருக்கும் அதே வேலிதான். ஆறடி உயரம், சாம்பல் நிறம், ரெட்வுட் பலகை. புது வேலி போட வந்தவர்கள் பழையதை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அப்பா கேட்டு ஆறு பலகைகளை மட்டும் இறக்கி வைத்தார். "இத்துப்போன பலகையை வெச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று அம்மா சிரித்தார்.

ஏப்ரலில் பொள்ளாச்சியிலிருந்து அப்புச்சி வந்தார். (அம்மாவின் அப்பாவை நாங்கள் அப்புச்சி என்போம்.) அவர் நாற்பது வருஷம் தச்சு வேலை செய்தவர். ஒரு பலகையை எடுத்து இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். சாம்பல் தோல் சுருள் சுருளாக உரிந்து, உள்ளே செக்கச்செவேல் என்று புது மரம்! அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அந்த ஆறு பலகைகளில் என்ன செய்தோம், எதைக் கெடுத்தோம் என்பதுதான் இந்தப் பாடம்.

இது என்ன மரம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரெட்வுட் என்பதைச் செம்மரம் என்று மொழிபெயர்த்தால் தப்பு. செம்மரம் ஆந்திராவின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. அதன் வைரக்கட்டை தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். ரெட்வுட் அதற்கு நேர் எதிர். மென்மையான, இலேசான மரம். செக்கோயா செம்பர்விரன்ஸ் என்பது இதன் அறிவியல் பெயர். ஓரிகனின் தென்கோடி முதல் நம் பிக் சர் வரை, கடல் மூடுபனி எட்டும் கரையோரத்தில்தான் இது இயற்கையாக வளர்கிறது. உலகிலேயே உயரமான மரமும் இந்த இனம்தான். 2006-இல் கண்டுபிடித்த ஹைப்பீரியன் என்ற மரம் சுமார் 380 அடி!

1849-இல் தங்கம் தேடி மக்கள் குவிந்த காலத்திலிருந்து வீடு, தண்ணீர்த் தொட்டி, ரயில் கட்டை எல்லாவற்றுக்கும் இதைத்தான் வெட்டினார்கள். பழைய காட்டில் இன்று மிச்சம் இருப்பது சுமார் 5 சதவீதம். அதனால்தான் குப்பைக்குப் போகும் பலகையும் மதிப்புள்ளது என்கிறேன்.

வைரமும் வெள்ளையும்

"வைரம் பாய்ஞ்ச கட்டை" என்று நம் ஊரில் சொல்வார்களே, அது இங்கேயும் உண்மை. மரத்தின் நடுவில் இருக்கும் சிவப்புப் பகுதிதான் வைரம். அதில் டானின் முதலிய பொருள்கள் ஊறியிருப்பதால் பூஞ்சையும் பூச்சியும் எளிதில் அண்டாது. ஓரத்தில் வெளிறிய நிறத்தில் இருப்பது வெள்ளை. அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சீக்கிரம் இத்துவிடும். எங்கள் பலகைகளில் இரண்டின் ஓரத்தில் வெள்ளை இருந்தது. விரல் நகம் பதிந்தால் உள்ளே போனது. அந்த ஓரத்தைச் சீவித் தள்ளினோம்.

நான் கெடுத்த முதல் பலகை

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், உங்களுக்கு உதவுமே.

அப்புச்சி தூங்கும் நேரத்தில், எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று ஒரு பலகையை ஒரு அடி ஒரு அடியாக ஆறு துண்டு போட்டுவிட்டேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். திட்டவில்லை. "என்ன கண்ணு இப்புடிப் பண்ணிப்போட்டே? நீளத்தைக் குட்டையாக்கலாம். குட்டையை நீளமாக்க யாரால ஆகும்?" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் கூட இவ்வளவு வருத்தம் வந்திருக்காது.

அன்றைக்குக் கற்ற விதி: பெரிய துண்டு முதலில், சின்னது கடைசியில். அதுவும் கட்டத்தாளில் வரைந்த பிறகுதான் ரம்பம். ஒரு கட்டம் ஒரு அங்குலம் என்று வைத்து வரையுங்கள். ஒவ்வொரு அறுப்புக்கும் ரம்பம் ⅛ அங்குலம் தின்றுவிடும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எதைச் செய்வது? மூன்று கேள்வி

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஆசை. அம்மாவுக்குக் கொலுப்படி. தம்பிக்குப் படிக்கும் மேஜை. அப்பாவுக்குக் காய் நறுக்கும் பலகை. அப்புச்சி மூன்று கேள்வி கேட்டார்.

1. அது வெயில் மழையில் நிற்குமா? நின்றால் ரெட்வுட்டுக்கு ஏற்ற வேலை.
2. அடி, வெட்டு வாங்குமா? வாங்கினால் வேண்டாம். மென்மையான மரம், பேனா அழுத்தினாலே தடம் விழும்.
3. மொத்தம் எத்தனை அங்குலம் வேண்டும்?

மேஜையும் நறுக்கும் பலகையும் இரண்டாம் கேள்வியில் தோற்றன. கொலுப்படி மூன்றாம் கேள்வியில் தோற்றது. மூன்று படிக்கே எல்லாப் பலகையும் போய்விடும்.

எங்கள் பலகை 72 அங்குல நீளம், 5½ அங்குல அகலம், ⅝ அங்குல கனம். மண்ணைத் தொட்ட அடிப்பக்கத்தில் 3 அங்குலமும், மூலை சீவிய மேல்பக்கத்தில் 1 அங்குலமும் கழித்தால் ஒரு பலகைக்கு 68 அங்குலம் தேறும்.

யோசனை 1: பறவைக் கூடு (ஒரு பலகை)

நீலக்குருவிக்கு ஏற்ற அளவு இது. பின்பலகை 15, முன்பலகை 9, அடிப்பலகை 4¼, கூரை 8 அங்குலம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 19 அங்குலத் துண்டு. அதன் நடுவில் ஒரே ஒரு சாய்வு அறுப்பு போட்டால், ஒரு ஓரம் 10, மறு ஓரம் 9 என்று இரண்டு பக்கப் பலகையும் கிடைத்துவிடும். கூரைச் சரிவும் தானாக வந்துவிடும். மொத்தம் 55¼ அங்குலம், அறுப்போடு சேர்த்து சுமார் 56.

முன்பலகையில் வாசல் 1½ அங்குல வட்டம். தரையிலிருந்து வாசலின் நடு 6 அங்குலத்துக்கு மேல் இருக்கட்டும். உட்காரும் குச்சி வைக்காதீர்கள், அது எதிரிப் பறவைகளுக்குத்தான் வசதி. வாசலுக்குக் கீழே உள்பக்கம் கீறல் போடுங்கள், குஞ்சு ஏறி வர உதவும். அடியில் நான்கு சிறு துளை, தண்ணீர் வடிய. உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. ஒரு பக்கப் பலகையை மட்டும் திறக்கும்படி மாட்டினால் வருஷா வருஷம் சுத்தம் செய்யலாம்.

யோசனை 2: கீரைத் தொட்டி (ஒரு தொட்டிக்கு ஒரு பலகை)

நீளப் பக்கம் 18 அங்குலத்தில் இரண்டு, முனைப் பக்கம் 5½ அங்குலத்தில் இரண்டு, அடிப்பலகை 16¾. மொத்தம் 63¾, அறுப்போடு 64½-க்குள் அடங்கும். முனைப் பலகைகளும் அடிப்பலகையும் இரண்டு நீளப் பக்கங்களுக்கு நடுவே உட்காரும். அடியில் ஐந்தாறு துளை போட மறக்காதீர்கள். மருந்து ஏற்றாமலே மண்ணையும் ஈரத்தையும் வைரம் தாங்கும். அம்மாவுக்கு இரண்டு தொட்டி செய்தோம். ஒன்றில் புதினா, ஒன்றில் வெந்தயக்கீரை. கொலுப்படிக் கோபம் கொஞ்சம் தணிந்தது!

யோசனை 3: பல்லாங்குழியும் சட்டமும் (இரண்டும் சேர்ந்து ஒரு பலகை)

⅝ அங்குலப் பலகையில் குழி எப்படித் தோண்டுவது? தோண்டவே வேண்டாம். 18 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றில் 2 அங்குல வட்டத் துளை, வரிசைக்கு ஏழு, இரண்டு வரிசை. துளைக்குத் துளை ½ அங்குல இடைவெளி விட்டால் நீளமும் அகலமும் கச்சிதமாகப் பொருந்தும். அதைத் துளை இல்லாத துண்டின் மேல் பசை வைத்து ஒட்டி இறுக்கினால் பதினான்கு குழியும் தயார். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை தாராளமாகப் பிடிக்கும். வட்டத் துளை போடும் மெஷினைப் பெரியவர்கள்தான் பிடிக்க வேண்டும்.

மிச்சப் பலகையில் 28½ அங்குலம் எடுத்து, நீளவாக்கில் 1¼ அங்குல அகலத்தில் நான்கு பட்டையாகக் கிழித்தோம். அது எதற்கு? இந்தத் தாளைச் சுற்றி இருக்கும் சட்டத்தைப் பாருங்கள்!

யோசனை 4: துண்டுகளுக்கு வேலை

நான் கெடுத்த பலகையின் ஆறு துண்டுகள் வீணாகவில்லை. இரண்டு துண்டு வாசலுக்குத் தமிழில் பெயர்ப்பலகை ஆனது. மற்றதைக் குச்சியாகப் பிளந்து, புதினா, வெந்தயம் என்று எழுதித் தொட்டியில் குத்தினோம். ஆனால் நீளமாக இருந்திருந்தால் மூன்றாவது தொட்டி கிடைத்திருக்கும். அதை மறக்கவில்லை.

கறுப்புக் கண்ணீர்

இன்னொரு தப்பு, இது அப்பா செய்தது (சொல்ல அனுமதி வாங்கிவிட்டேன்). பறவைக் கூட்டுக்குச் சாதாரண இரும்பு ஆணி அடித்தார். முதல் மழை பெய்ததும் ஒவ்வொரு ஆணியிலிருந்தும் கறுப்பாகக் கோடு வழிந்தது. மரத்தின் டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை வரும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போட்டால் இந்தத் தொல்லை இல்லை. பலகையின் முனை சீக்கிரம் பிளக்கும் என்பதால் முதலில் சிறு துளை போட்டுவிட்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள்.

கவனம்! கவனம்!

* பழைய பலகையில் ஒடிந்த ஆணி ஒளிந்திருக்கும். அறுக்கும் முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள்.
* வேலித் தூணைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அது மருந்து ஏற்றிய வேறு மரம்.
* பழைய பெயின்ட் அடித்த பலகையும் வேண்டாம். 1978-க்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்.
* ரெட்வுட் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.
* பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் ரம்பத்தை எடுக்கக் கூடாது. (என்னைப் பார்த்துத் திருந்துங்கள்!)

கடைசிப் பலகை

கணக்குப் பார்ப்போமா? கெட்டது ஒன்று, கூடு ஒன்று, தொட்டி இரண்டு, பல்லாங்குழியும் சட்டமும் ஒன்று. ஆக ஐந்து. ஆறாவது அப்படியே இருக்கிறது. அப்புச்சி ஊருக்குக் கிளம்பும்போது அதை இழைத்து, கையால் தடவிப் பார்த்து, சுவரோரம் சாய்த்து வைத்தார். "உடனே வெட்டோணும்னு இல்ல கண்ணு. எதுக்குன்னு தெரிஞ்ச பொறவு வெட்டு" என்றார்.

2020-இல் பிக் பேசின் காடு எரிந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கரிக்கட்டையாக நின்ற ரெட்வுட் மரங்கள் மறுபடி பச்சைப்பசேல் என்று துளிர்த்தன. மரம் துளிர்க்கும். வெட்டிய பலகை துளிர்க்காது. அதனால்தான் யோசிக்கச் சொல்கிறார் அப்புச்சி.

அந்த ஆறாவது பலகையை நம் வகுப்புக்குத் தருவதாக முடிவு செய்துவிட்டோம். தேறும் அளவு: நீளம் 68, அகலம் 5½, கனம் இழைத்த பிறகு ½ அங்குலம். என்ன செய்யலாம்? மூன்று கேள்விக்கும் பதில் எழுதி, கட்டத்தாளில் வரைந்து, கீழே ஒட்டியுள்ள உறையில் போடுங்கள். நல்ல யோசனையை வகுப்பே சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும்.

அதுவரை ரம்பத்தை நான் தொட மாட்டேன்!